நாவுக்குப் பழக்கம் வேண்டும்

(நமது பள்ளிவாசல் வளாகத்தில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் நடத்தப்பெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. ஜமாஅத்தார் பலருடைய வேண்டுகோளுக்கிணங்க எழுத்து வடிவில் இங்கு இடம்பெறுகிறது.)

 

அன்றாட ஆங்கிலத்தைப் பிள்ளைகள் எவ்வாறு பேசிப் பழகுவது என்பது பற்றி உரையாற்ற வேண்டும் என்று நிர்வாகிகள் என்னைப் பணித்துள்ளார்கள். ஆங்கிலத்தைப் பற்றிப் பேச ஓர் ஆலிமையா அழைப்பது என்ற வியப்பு இங்கே சிலருடைய முகத்தில் தெரிகிறது. அந்த வியப்பு நியாயமானதே. ஆங்கில இலக்கணம் கற்பிப்பது பள்ளிக்கூட ஆசிரியப் பெருமக்களின் பணி. அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால், தாய்மொழியல்லாத ஒரு மொழியை ஒரு சிறுவனின் நாவில் எப்படி ஏற்றுவது என்பதை அலிஃப், பா தொடங்கி அன்றாடம் செய்து வருகிறவர்கள் மதரஸாக்காரர்கள். அந்த அனுபவத்திலிருந்து சில செய்திகளைச் சொல்லலாம் என்ற துணிவோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்களுக்கு ஒரு வாக்கியம் மறக்கவே மறக்காது. ‘ளரப ஸைதுன் அம்ரன்’ என்பது அது. ஸைது அம்ரை அடித்தான் என்று பொருள். அடித்தவன் யார், அடிபட்டவன் யார், எந்தச் சொல்லுக்கு ஏன் ‘உன்’ வந்தது, எதற்கு ஏன் ‘அன்’ வந்தது என்று மாதக்கணக்கில் ஓதுவோம். ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்று வெளியே வருகிற ஒரு மௌலவி, பெரிய பெரிய கிதாபுகளை இஃராபு பிசகாமல் வாசித்துப் பொருள் சொல்லிவிடுவார். அதே மௌலவி உம்ராவுக்குச் சென்று கடைக்காரரிடம் ஒரு குடிநீர்ப் புட்டி என்ன விலை என்று கேட்பதற்குத் தயங்கி நிற்பதும் உண்டு. கற்ற கல்வி பொய்யன்று. கிதாபை விளங்குவதற்காகக் கற்றார், விளங்குகிறது. பேசுவதற்கென்று அவருடைய நாவை யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளின் ஆங்கிலமும் அப்படியே இருக்கிறது. அங்கே ஸைது அம்ரை அடித்தான். இங்கே ‘ராமா கில்டு ராவணா’. அதைத் திருப்பிப் போட்டால் ‘ராவணா வாஸ் கில்டு பை ராமா’. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளை கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றிவிடும். இன்னொன்றும் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் ஒரு தெருப்படத்தைக் கொடுத்து, அறிமுகமில்லாத ஒருவருக்கு வழி சொல்லுமாறு ஒரு வினா கேட்பார்கள். ‘கோ ஸ்ட்ரெய்ட், டேக் த ஃபர்ஸ்ட் லெஃப்ட்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். உண்மையிலேயே வெளிமாநிலத்தவர் ஒருவர் நம் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி இரயில் நிலையத்திற்கு வழி கேட்டால், அதே பிள்ளை கையை நீட்டிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. தாளில் இருந்த வழி வாய்க்கு வரவில்லை.

இது சிறிய குறை, கல்லூரிக்குப் போனால் சரியாகிவிடும் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். கல்லூரியில்தான் அது பெரிதாகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து நல்ல மதிப்பெண் பெற்ற நம் மஹல்லாவின் பெண்பிள்ளை ஒருவர், கல்லூரியில் சேர்ந்து முதற்பருவம் முடிவதற்குள் படிப்பை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். காரணம் என்னவென்று அவருடைய உம்மா என்னிடம் வந்து அழுதபோது, கட்டணமோ பயணத் தொல்லையோ இருக்கும் என்றே கருதினேன். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. விளங்காத இடத்தில், விளங்கவில்லை என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. மூன்று மாதம் விளங்காமலே உட்கார்ந்திருந்துவிட்டு இனி முடியாது என்று வந்துவிட்டார். விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்ற ஒரு வாக்கியம்! அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் ஒரு பட்டப்படிப்பு போயிற்று. வேறு பல காரணங்களும் கூடியிருக்கலாம். ஆயினும் அந்தத் தாய் சொன்னது என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

ஆகவே, நான் பேச வந்தது நுனிநாக்கு ஆங்கிலத்தைப் பற்றியன்று. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரைப் போல் நம் பிள்ளைகள் பேசவேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை. மருத்துவமனையில், வங்கியில், இரயில் நிலையத்தில், கல்லூரி வகுப்பில், நேர்காணலில், தொலைபேசியில் தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறவும், பிறர் கேட்டதற்கு விடை சொல்லவும் போதுமான ஆங்கிலம். அதைத்தான் அன்றாட ஆங்கிலம் என்கிறேன்.

அதற்கு எத்தனை சொற்கள் வேண்டும்? அகராதியைப் பார்த்து அஞ்ச வேண்டாம். ஆக்டன் என்ற ஆங்கில அறிஞர் 1930ஆம் ஆண்டில் 850 சொற்களைத் தெரிந்தெடுத்து, இவற்றைக் கொண்டே அன்றாடச் செய்திகளைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நூலே எழுதினார். நம் அண்டையிலுள்ள டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953இல் ஏறத்தாழ 2000 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அமெரிக்க வானொலி ஒன்று, ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று சுமார் 1500 சொற்களுக்குள் அடங்கிய செய்தியறிக்கையை நிதானமான வேகத்தில் 1959ஆம் ஆண்டு முதல் ஒலிபரப்பியது. ஒன்பதாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைக்கு இந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே தெரியும். தெரிந்த சொல் வாய்க்கு வராததுதான் நோய். சொல் இல்லாமை அன்று.

வராததற்குக் காரணம் என்ன? முதற்காரணம் வெட்கம். அந்த வெட்கத்தை ஊட்டியவர்கள் நாம்தாம். பெரியவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பையன் தெருவில் நான்கு வார்த்தை ஆங்கிலம் பேசினால், “துரை பேசுகிறார், வழி விடுங்கள்” என்று திண்ணையில் இருந்து ஒரு குரல் வருகிறது. பிழையாகப் பேசினாலோ அது ஒரு வாரத்திற்கு ஊர்ச் சிரிப்பு. சரியாகப் பேசினால் திமிர், தவறாகப் பேசினால் கேலி என்றால் பிள்ளை என்ன செய்யும்? மௌனமாக இருந்துவிடும். மக்தபில் ஐந்து வயதுக் குழந்தை எழுத்துக்கூட்டி ஓதும்போது எத்தனை தடவை தடுமாறுகிறது! யாராவது சிரிக்கிறோமா? “மாஷா அல்லாஹ், இன்னொரு தடவை ஓதும்மா” என்றல்லவா சொல்கிறோம்? அந்தப் பொறுமையை ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளையிடமும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த மக்தபைப் பற்றியே இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்கும் தெரியாத ஒரு செல்வம் அவர்கள் வாயிலேயே இருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில ஒலிகளில் எவை கடினம்? ‘திங்க்’, ‘த்ரீ’, ‘தேங்க் யூ’ என்ற சொற்களின் முதல் ஒலி கடினம். ‘திஸ்’, ‘தட்’, ‘மதர்’ என்பவற்றில் வரும் ஒலி கடினம். ‘ஃபேன்’ என்பது ‘பேன்’ ஆகிவிடும். ‘ஸீரோ’ என்பது ‘சீரோ’ அல்லது ‘ஜீரோ’ ஆகும். தமிழ் எழுத்தில் இவற்றுக்குத் தனி வடிவம் இல்லை. ஆதலால் நாவுக்கும் பழக்கம் இல்லை. ஆனால் மக்ரஜ் சரியாக ஓதிய பிள்ளையின் நிலை வேறு. மூன்று புள்ளி வைத்த ‘ஸா’வை எப்படி ஓதக் கற்றுக்கொடுத்தோம்? நாவின் நுனியை மேல் முன்பற்களின் விளிம்பில் வைத்துக் காற்றை மெல்ல விடவேண்டும் என்றோம். அதுவேதான் ‘திங்க்’கின் முதல் ஒலி. அதே இடத்தில் நாவை வைத்து, தொண்டை ஒலியையும் சேர்த்தால் ஒரு புள்ளி வைத்த தால் வரும். அதுதான் ‘திஸ்’ஸின் முதல் ஒலி. கீழுதட்டின் உட்புறம் மேற்பற்களைத் தொடும்போது பிறக்கும் ‘ஃபா’ அப்படியே ‘ஃபேன்’. ‘ரா’வின் மேல் ஒரு புள்ளி வைத்த ‘ஸாய்’ அப்படியே ‘ஸீரோ’. அந்த ‘ஸீரோ’ என்ற சொல்லே ‘ஸிஃப்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து போனதுதான். ‘காட்டன்’ என்பது ‘குத்ன்’ என்பதிலிருந்தும், ‘அல்ஜீப்ரா’ என்பது ‘அல்ஜப்ர்’ என்பதிலிருந்தும் போனவை. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலரை ஆங்கிலத்தில் மேகசின் என்பார்களே, அதுவும் பண்டகசாலை என்று பொருள்படும் ‘மக்ஸன்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்ததே.

‘வாட்டர்’ என்பதற்கும் ‘வெரி’ என்பதற்கும் முதல் ஒலி வேறு வேறு. தமிழில் இரண்டையும் ‘வ’ என்றே எழுதுகிறோம். முன்னதற்கு இரண்டு உதடுகளையும் குவிக்க வேண்டும். அது நம் ‘வாவ்’. பின்னதற்கு ‘ஃபா’வின் மக்ரஜில் உதட்டை வைத்துக்கொண்டு குரலெழுப்ப வேண்டும். எந்த ஆங்கிலப் பயிற்சி நிலையத்திலும் இதைவிட எளிதாகச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியிருக்கும், ஆனால் ஒலிக்காது என்ற ஆங்கில விந்தையும் நம் பிள்ளைக்குப் புதிதன்று. ‘நைஃப்’ என்ற சொல்லின் முதலெழுத்து ஒலிக்காது என்றால் பிறர் திகைப்பார்கள். ‘அஷ்ஷம்ஸ்’ என்று ஓதும்போது லாம் எழுத்து எழுதப்பட்டிருந்தும் ஒலிக்காது என்று ஆறு வயதில் கற்ற பிள்ளை ஏன் திகைக்க வேண்டும்? இன்னும் ஓர் ஆறுதல். அரபியரிடம் ‘ப’ என்ற வல்லொலி இல்லை. பாகிஸ்தானையும் ‘பா’ எழுத்தால் மெலிதாகத்தான் சொல்வார்கள். சபுராளிகளுக்கு இது நன்கு தெரியும். நமக்குத் தமிழின் ‘ப’வும் உண்டு, அரபின் ‘ஃபா’வும் உண்டு. இரண்டு வீட்டுச் சொத்து!

தமிழிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் சில பழக்கங்களை மட்டும் கவனித்து விலக்க வேண்டும். சொல் மெய்யொலியில் முடிந்தால் நமக்குப் பொறுக்காது. ‘பஸ்ஸு’, ‘புக்கு’ என்று ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவோம். எகரத்தில் தொடங்கினால் ஒரு யகரத்தைச் சேர்த்து ‘யெக்ஸாம்’ என்போம். ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்போம். இவற்றால் கேட்பவருக்குப் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. எனவே இவற்றை மெல்லச் சரிசெய்து கொள்ளலாம். இவற்றுக்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

வாக்கிய அமைப்பில் வருகிற தடுமாற்றம் வேறு வகை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ‘நான் நேற்றுப் பள்ளிக்கூடம் போகவில்லை’ என்கிறோம். ஆங்கிலத்தில் ஆளைச் சொன்னவுடனே வினையைச் சொல்லியாக வேண்டும். அதை எண்ணி எண்ணித் திருப்பிப் போடுவதற்குள் எதிரே நிற்பவர் போய்விடுகிறார். திருப்பிப் போட்ட பின்பும், ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று வந்துவிடுகிறது. ‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலத்தை அது சுமந்துகொள்ளும். வினை தன் இயல்பான வடிவில் ‘கோ’ என்றே நிற்கும். நஹ்வு ஓதும் பிள்ளைகளுக்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். ‘லம்’ வந்தால் ‘யத்ஹபு’ என்ற முளாரிஃ வினை ‘லம் யத்ஹப்’ என்று நின்றுகொண்டே போகவில்லை என்று இறந்தகாலப் பொருள் தருகிறதல்லவா? ‘டிட் நாட்’டை அந்த ‘லம்’ போல் எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு பிழை வராது. கேள்வி கேட்கும்போது ‘வேர் யூ ஆர் கோயிங்’ என்று நேராகப் போகாமல் ‘வேர் ஆர் யூ கோயிங்’ என்று முன்பின்னாக மாற்ற வேண்டும். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பது வேண்டாம், ‘ஐ ஹேவ்’ என்றால் போதும். தன்னை அறிமுகம் செய்யும்போது ‘மைசெல்ஃப்’ என்று தொடங்க வேண்டாம், ‘ஐ ஆம்’ என்று தொடங்குங்கள். மற்றவற்றை உங்கள் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள்.

ஆனால் பாடநூல் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று உண்டு. அது மரியாதை. தமிழில் மரியாதை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘தண்ணீர் தாருங்கள்’ என்றால் அதில் பணிவு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் சிறுவனுக்கும் பெரியவருக்கும் ஒரே ‘யூ’தான். ஆகவே, நம் பிள்ளை மனத்தில் ‘தண்ணீர் தாருங்கள்’ என்று பணிவாக எண்ணிக்கொண்டு ‘கிவ் மீ வாட்டர்’ என்று சொல்கிறது. கேட்பவர் காதில் அது ‘தண்ணி குடு’ என்று விழுகிறது. பிள்ளையின் உள்ளத்தில் ஆணவம் இல்லை. மொழி அப்படிக் காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் மரியாதை இருக்கும் இடம் வேறு. ‘ப்ளீஸ்’, ‘குட் யூ’, ‘வுட் யூ’, ‘மே ஐ’, ‘எக்ஸ்கியூஸ் மீ’, ‘சாரி’, ‘தேங்க் யூ’ ஆகிய இவற்றில்தான் அது இருக்கிறது. ‘குட் ஐ ஹேவ் ஸம் வாட்டர், ப்ளீஸ்’ என்று சொன்னால்தான் நம் ‘தாருங்கள்’ அங்கே போய்ச் சேரும். ‘ஐ வான்ட்’ என்று தொடங்குவதை விட்டு ‘ஐ வுட் லைக்’ என்று தொடங்கிப் பாருங்கள். வங்கி அலுவலரின் முகமே மாறும். நம் பிள்ளைகளின் அதபு ஊரறிந்தது. மொழி மாறும்போது அந்த அதபு உதிர்ந்துவிடக் கூடாது என்பதில் எனக்குத் தனிக் கவலை உண்டு.

மாணவக் கண்மணிகளே! நான்கு வாக்கியங்களை முதலில் நாவில் ஏற்றிக்கொள்ளுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும். ‘சாரி, ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்.’ ‘குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்?’ ‘குட் யூ ஸ்பீக் ஸ்லோலி, ப்ளீஸ்?’ ‘வாட் டஸ் திஸ் வேர்ட் மீன்?’ இந்த நான்கும் இருந்தால் எந்த வகுப்பிலும் எந்த அலுவலகத்திலும் நீங்கள் வாயடைத்து நிற்க மாட்டீர்கள். எதிரே இருப்பவர் மறுபடி சொல்வார், மெதுவாகச் சொல்வார், பொருள் சொல்வார். நான் முன்பு குறிப்பிட்ட அந்தப் பெண்பிள்ளைக்குத் தேவைப்பட்டவை இவையே.

அடுத்து, நாள்தோறும் செய்யவேண்டிய பயிற்சி ஒன்று. அன்று நடந்த ஏதேனும் ஒரு நிகழ்ச்சியை ஐந்து வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பேருந்து தாமதமாக வந்தது, ஆசிரியர் கேள்வி கேட்டார், மழையில் நனைந்தேன், எதுவாயினும் சரி. அதையே மறுநாள் இன்னொருவரிடம் சொல்லுங்கள். மூன்றாம் நாள் வேறொருவரிடம், முதல் நாளைவிடக் குறைந்த நேரத்தில் சொல்லுங்கள். புதிது புதிதாகத் தேட வேண்டாம். ஹிஃப்ளு பிள்ளைகள் புதுப்பாடத்தோடு பழைய பாடத்தையும் தினமும் திரும்ப ஓதிக் காட்டுகிறார்களே, அதன் பலன் எங்களுக்குத் தெரியும். மூன்றாவது தடவை சொல்லும்போது வாக்கியம் தானாக வரும். எழுதி வைத்து மனப்பாடம் செய்து ஒப்பிப்பது இதில் சேராது. ஒப்பித்தல் தேர்வுக்கு உதவும்; குறுக்கே ஒருவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அதோடு நின்றுபோகும்.

கைப்பேசியைப் பற்றிக் கேட்பீர்கள். பெற்றோருக்கு அதன்மேல் இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. எனினும் அதில் குரலைப் பதிவு செய்து, தான் பேசியதைத் தானே கேட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. பி.பி.சி. நிறுவனம் 1943 முதல் ஆங்கிலப் பாடங்களை வழங்கி வருகிறது. அவை இப்போது கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. நாம் பேசினால் திரும்பப் பேசும் செயலிகளும் வந்துவிட்டன. கூச்சம் மிகுந்த பிள்ளைக்கு அவை தொடக்கத்தில் உதவலாம். ஆனால் இயந்திரம் சிரிக்காது, முகம் சுளிக்காது, அவசரப்படாது. மனிதர்கள் இவை மூன்றையும் செய்வார்கள். மனிதர்கள் முன் பேசும் துணிவை மனிதர்கள் முன்தான் பெற முடியும்.

அந்த மனிதர்கள் யார்? இங்குதான் ஜமாஅத்தாரிடம் என் கோரிக்கை வருகிறது. பயிற்சி நிலையத்திற்குப் பணம் கட்டி ஆசிரியர் ஒருவரை வரவழைக்கலாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒரு கருத்து சொல்லப்பட்டது. நல்ல எண்ணத்தோடு சொன்னார்கள். அறுபது பிள்ளைகளை உட்கார வைத்து ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால் ஆங்கிலம் பேசியவர் அவர் ஒருவரே. பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. நமக்கு வேண்டியது பிள்ளையின் வாயைத் திறக்க வைக்கும் காதுகள். அந்தக் காதுகள் நம் மஹல்லாவில் நிறைய இருக்கின்றன. இருபது ஆண்டுகள், முப்பது ஆண்டுகள் துபாயிலும் தம்மாமிலும் தோஹாவிலும் உழைத்துத் திரும்பிய சபுராளிகள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவர்கள் பலர். பிலிப்பைன்ஸ்காரரோடும் எகிப்துக்காரரோடும் வங்காளியோடும் ஒரே அறையில் தங்கி, அலுவலகத்தில் கணக்குச் சொல்லி, மருத்துவரிடம் நோயைச் சொல்லி, சம்பள பாக்கியை வாதாடி வாங்கி வந்தவர்கள். இவர்கள் இலக்கணத்தைக் கண்ணால் கண்டதில்லை; பேசுவதற்கு அஞ்சியதுமில்லை. பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியும், பேச அச்சம். இரு சாராரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் என்ன?

“எங்கள் ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம் ஹஜ்ரத், பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். சரியான கேள்வி. அதற்கு விடை, பாடம் நடத்த வேண்டியவர் அவர் அல்லர் என்பதே. அவர் கேட்பவர்; கேள்வி கேட்டுப் பேச்சை வளர்ப்பவர். கடைக்காரராக, மருத்துவராக, விமான நிலைய அதிகாரியாக, நேர்காணல் நடத்துபவராக அவர் இருப்பார். பிள்ளை தன் காரியத்தை அவரிடம் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பிழைகளைக் குறித்துக்கொள்வதற்கு நம் ஊர்ப் பட்டதாரி இளைஞர்கள் இருவர் உடனிருப்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட மாட்டார்கள். பேசி முடித்த பின் ஒரு பிள்ளைக்கு இரண்டு பிழைகளை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். சொல் கிடைக்காத இடத்தில் தமிழைப் போட்டு நிரப்பிக்கொண்டு மேலே போகலாம். யாரும் சிரிக்கக் கூடாது. சிரிப்பவர் வெளியே போகவேண்டும், அவர் எவ்வளவு பெரிய மனிதராயினும் சரி!

மதரஸா நேரம் குறைந்துவிடுமோ என்ற கவலையைச் சிலர் தெரிவித்தார்கள். அந்தக் கவலையில் முதலாமவன் நான். மக்தபின் நேரத்தில் ஒரு நிமிடமும் இதற்காக எடுக்கப்பட மாட்டாது. ஆங்கிலம் வந்தால் தமிழ் போய்விடுமே என்பவர்களுக்கும் ஒரு சொல். நடந்ததைத் தமிழில் முன்பின் குழம்பாமல் சொல்லத் தெரியாத பிள்ளை, ஆங்கிலத்திலும் அதைச் சொல்லாது. ஆகவே அந்த ஐந்து வாக்கியங்களை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்வோம். அந்நிய மொழி நமக்கு எதற்கு என்ற பழைய வாதத்தை நம் முன்னோர்களே முடித்து வைத்துவிட்டார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல், அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955இல் எழுந்தன. தோல் வணிகத்திலும் பிற வணிகங்களிலும் ஈட்டிய பொருளை இவற்றில் கொட்டியவர்கள் தொழுகையாளிகள். அதற்கும் முன்னே போனால், நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஸைத் பின் ஸாபித் ரலியல்லாஹு அன்ஹு அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்ததும், 15 நாட்களுக்குள் அவர்கள் கற்றுக்கொண்டதும் ஹதீஸில் வந்துள்ளது. கடிதம் வாசிக்கவும் எழுதவும் வேண்டியிருந்தது, ஆதலால் கற்றார்கள். உடனடியாகச் செய்ய ஒரு வேலை இருந்தால் மொழி விரைவில் வரும் என்பதை நம் சபுராளிகளும் அறிவார்கள்.

2012-13ஆம் கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. என் பிள்ளை ஆங்கில வழியில்தான் படிக்கிறான், அவனுக்கு இது வேண்டியதில்லை என்று எண்ணும் பெற்றோர், இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அவனை அருகில் அழைத்து, இன்று என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியவேண்டும் என்பதில்லை. அவன் பேசுகிறானா, பேச்சை மாற்றுகிறானா என்பது முகத்திலேயே தெரிந்துவிடும்.

ஏற்பாடு இதுதான். சனி, ஞாயிறு இரு நாட்களும் மஃரிபு தொழுகைக்குப் பின் இஷா வரை மதரஸாவின் மாடியில் ஆண்பிள்ளைகளுக்கு நடைபெறும். ஒரு பெரியவருக்கு நான்கு பிள்ளைகள் வீதம் அமர்வார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை 10 மணி முதல் 11 மணி வரை பெண்கள் மதரஸாவில், கல்லூரியில் பயிலும் நம் மஹல்லாப் பெண்களைக் கொண்டு நடைபெறும். கட்டணம் ஏதும் இல்லை. முதல் வாரம் மருந்துக்கடை, இரண்டாம் வாரம் இரயில் முன்பதிவு, மூன்றாம் வாரம் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது, நான்காம் வாரம் தொலைபேசியில் அறிமுகமில்லாதவரோடு பேசுவது. பிள்ளைகளின் பெயர்களோடு சபுராளிகளின் பெயர்களும் வேண்டும். இதுவரை பிள்ளைகள் 38 பேரும் பெரியவர்கள் 4 பேரும் பெயர் கொடுத்துள்ளார்கள். இன்னும் குறைந்தது 6 பெரியவர்கள் வேண்டும். இன்று இஷாவுக்குப் பிறகு கணக்கர் அலுவலக அறையில் இருப்பார். குறிப்பேடு அவரிடம் இருக்கிறது. வஸ்ஸலாம்.